தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறியும் முன்: மோட்டார் பட்டறை மெக்கானிக்குகளுக்கு ஒரு திறந்த மடல்





எஞ்சின் கொதித்துப் பட்டறைக்கு வரும் கார்களுக்குத் தமிழ்நாட்டில் இன்றும் கையாளப்படும் ஒரு வைத்தியத்தைக் குறித்தே இம்மடல் எழுதப்படுகிறது. ரேடியேட்டர் ஹோஸ் எஞ்சினோடு சேரும் இடத்தில், கைப்பிடிக்குள் அடங்கும் அளவில் அமர்ந்திருக்கும் தெர்மோஸ்டாட் என்னும் வால்வைக் கழற்றிப் பழைய சாமான் டப்பாவில் போட்டுவிட்டு, ‘நம்ம ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை’ என்று வண்டிக்காரரிடம் சொல்லி அனுப்புவதே அந்த வைத்தியம். அது ஒரு காலத்து வண்டிகளுக்கு ஓரளவு பொருந்தியது என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த வண்டிகள் சாலையிலிருந்து மறைந்த பின்னும் வைத்தியம் மட்டும் தங்கிவிட்டது என்பதும், எஞ்சின் ஏன் சூடேறுகிறது என்ற கேள்விக்கு விடை தேடும் வழியையே அது அடைத்துவிடுகிறது என்பதும் இங்கே எடுத்துரைக்கப்படுகின்றன.

எஞ்சினுக்குள் எரியும் பெட்ரோலின் ஆற்றலில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கே வண்டியை நகர்த்தும் வேலையாக மாறுகிறது. மற்றொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே வெளியேற, எஞ்சியதில் பெரும்பகுதி எஞ்சினின் உலோகச் சுவர்களுக்குள் இறங்கி, அங்கிருந்து நீரால் எடுத்துச் செல்லப்படவேண்டியதாகிறது. எரியும் வாயு ஒரு கணம் 2,000 டிகிரி செல்சியஸைக் கடக்கும் இடத்தில், 660 டிகிரியில் உருகிவிடும் அலுமினியத்தால் செய்யப்பட்ட பிஸ்டனும் சிலிண்டர் ஹெட்டும் நிலைத்து நிற்பது இந்த வெப்ப வெளியேற்றத்தால்தான். தொடக்கக் காலக் கார்களில் நீர் கொதித்து ஆவியாகிப் போவதே குளிர்விப்பு முறையாக இருந்தது; 1888-இல் பெர்தா பென்ஸ் ஜெர்மனியின் மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை தம் கணவரின் வண்டியை ஓட்டிச் சென்றபோது வழிநெடுக நீர் ஊற்றிக்கொண்டே போகவேண்டியிருந்தது. வில்ஹெல்ம் மேபாக் வடிவமைத்த தேன்கூட்டு ரேடியேட்டர் 1901-ஆம் ஆண்டின் மெர்சிடஸ் காரில் வந்தபிறகுதான், ஒரே நீரைச் சுழற்றிச் சுழற்றிக் காற்றால் ஆற்றும் ஏற்பாடு உறுதிப்பட்டது.

ஆனால் வெப்பத்தை வெளியேற்றுவது இவ்வமைப்பின் பாதி வேலைதான். தேவையான வெப்பத்தைத் தக்கவைப்பது மறுபாதி. எஞ்சின் எண்ணெய் சரியான இளக்கத்தை அடைவதற்கும், பெட்ரோல் முழுதும் ஆவியாகி எரிவதற்கும், பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையிலான இடைவெளி வடிவமைத்தவர் கணக்கிட்ட அளவுக்கு வருவதற்கும் குளிர்விப்பு நீர் ஏறத்தாழ 90 டிகிரியில் இருந்தாகவேண்டும். தெர்மோஸ்டாட் செய்வது இந்தக் காவல்தான். அதன் நடுவிலுள்ள பித்தளைக் குப்பிக்குள் ஒரு வகை மெழுகு அடைக்கப்பட்டிருக்கிறது. குறித்த வெப்பநிலையில் மெழுகு உருகி விரியும்போது ஊசி ஒன்றைத் தள்ளி வால்வைத் திறக்கிறது, ஆறும்போது வில்சுருள் அதை மூடுகிறது. 82 அல்லது 88 என்று அதன் தகட்டில் பொறித்திருக்கும் எண் திறக்கத் தொடங்கும் வெப்பநிலையைக் குறிப்பது. முழுதும் திறக்க அதற்கு மேலும் பத்துப் பதினைந்து டிகிரி ஆகலாம். மின்சாரமோ கணினியோ இன்றி, மெழுகின் விரிவை மட்டும் நம்பி ஆண்டுக்கணக்கில் இயங்கும் இக்கருவியைவிட எளிய அறிவு எஞ்சின் அறையில் வேறெதற்கும் இல்லை எனலாம்.

இதைக் கழற்றும் வழக்கம் எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொண்டால் முந்தைய தலைமுறை மெக்கானிக்குகளை அறியாதவர்கள் என்று ஒதுக்கத் தோன்றாது. மேற்கு வங்கத்தின் உத்தரபாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் போன்ற வண்டிகளில் எஞ்சின் கனத்த வார்ப்பிரும்பால் ஆனது. ஃபேன் பெல்ட்டால் எந்நேரமும் சுழன்றுகொண்டே இருந்தது. பழைய பெட்ரோல் எஞ்சின்களில் கார்புரேட்டருக்கு எஞ்சினின் வெப்பநிலை இன்னதென்று தெரியாது. அத்தகைய வண்டியில் கிணற்று நீரை ஊற்றி ஓட்டும்போது உப்பும் துருவும் தெர்மோஸ்டாட்டில் படிந்து, அது மூடிய நிலையிலேயே சிக்கிக்கொள்ளும். உடனே எஞ்சின் கொதிக்கும். நடுவழியில் மாற்று வால்வு கிடைக்காது. வால்வைக் கழற்றிவிட்டால் வண்டி ஊர் போய்ச் சேரும், எஞ்சின் சற்றுக் குளிர்ந்து ஓடுவதால் வரும் கேடு கண்ணுக்குத் தெரிய ஆண்டுகள் ஆகும். அந்தச் சூழலில் அது நியாயமான முடிவுதான். நோய் நீரில் இருக்க, தண்டனை வால்வுக்குக் கிடைத்தது என்பது மட்டுமே குறை.

இன்றைய வண்டிகளின் கதை வேறு. வால்வு மூடியிருக்கும்போதும் எஞ்சினுக்குள் நீர் சுழன்றாகவேண்டும் என்பதால் ரேடியேட்டருக்குப் போகாமல் நீரை மீண்டும் வாட்டர் பம்புக்கே அனுப்பும் கிளைப்பாதை ஒன்று எஞ்சினில் உண்டு. பட்டறையில் இதை பைபாஸ் என்பர். பல எஞ்சின்களின் தெர்மோஸ்டாட்டில் இரண்டு தகடுகள் இருக்கும்: மேல் தகடு ரேடியேட்டர் வழியைத் திறக்கும் அதே அசைவில், கீழ்த்தகடு பைபாஸ் துளையை மூடும். இத்தகைய வால்வைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எப்போதும் திறந்தே கிடக்க, நீர் எளிய வழியையே நாடும் இயல்புடையது ஆதலால், கொதிக்கும் நீரில் ஒரு பகுதி ரேடியேட்டர் பக்கமே போகாமல் எஞ்சினுக்குள்ளேயே சுற்றிவரும். சூட்டைக் குறைக்கச் செய்த வைத்தியமே மலையேற்றத்தில் சூட்டைக் கூட்டுவது இப்படித்தான். தெர்மோஸ்டாட் இன்றி ஓட்டிய பழைய பந்தய வண்டிக்காரர்கள்கூட அந்த இடத்தை வெறுமனே விடாமல், பைபாஸை அடைத்து நீரோட்டத்தை மட்டுப்படுத்தும் வளையம் ஒன்றைப் பொருத்தியது இதனால்தான்.

இங்கே இடைமறித்து ஒன்று சொல்லவேண்டும். தெர்மோஸ்டாட்டைக் கழற்றக் கூடாது என்று சரியாகச் சொல்லும் சிலரும் அதற்குத் தவறான காரணம் கூறுவதுண்டு: வால்வு இல்லையேல் நீர் வேகமாக ஓடுவதால், ரேடியேட்டரில் ஆறுவதற்கு நேரம் கிடைப்பதில்லை என்பது அவர்கள் வாதம். இது உண்மையன்று. ஒரு முறை கடக்கும்போது நீர் குறைவாக ஆறினாலும், அதே நேரத்தில் அது பலமுறை கடந்துவிடுவதால், வேகமான ஓட்டம் மொத்தத்தில் அதிக வெப்பத்தையே இறக்கும். கேடு விளைவிப்பது பைபாஸும், ஹெட்டுக்குள் நீரழுத்தம் குறைந்து ஆங்காங்கே ஆவிக்குமிழ்கள் தோன்றுவதும்தான்.

பைபாஸ் பிரச்சினை இல்லாத எஞ்சினிலும் கேடு வேறு வழியில் வருகிறது. எஞ்சினைக் கட்டுப்படுத்தும் இசிஎம் என்னும் கணினி, நீரின் வெப்பநிலையைச் சென்சார் வழியே படித்து, எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதும் வரை பெட்ரோலைக் கூடுதலாகத் தெளிக்கும். வால்வு இல்லாத வண்டி, நெடுஞ்சாலைக் காற்றில் 60, 70 டிகிரியைத் தாண்டாமல் ஓடக்கூடும். அப்போது மைலேஜ் குறையும், எரியாத பெட்ரோல் சிலிண்டர் சுவர் வழியே இறங்கி எண்ணெயை நீர்க்கச் செய்யும், ஈரம் ஆவியாகாமல் எண்ணெயில் கலந்து கசடாகத் திரளும். ஸ்கேனரில் பி0128 என்ற பிழைக் குறி வந்தால், நீர் தெர்மோஸ்டாட்டின் வெப்பநிலையை எட்டவில்லை என்பதே அதன் பொருள். சென்சாரை மாற்றப் புறப்படும் முன், முந்தைய பட்டறையில் யாரேனும் வால்வைக் கழற்றியிருக்கிறார்களா என்று பார்ப்பது செலவை மிச்சப்படுத்தும்.

அப்படியானால் கொதித்து வரும் வண்டியை எப்படி அணுகுவது? ஸ்பேனரை எடுக்கும் முன் ஓட்டுநரிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றே: எப்போது சூடேறுகிறது? இந்த ஒரு கேள்விக்குக் கிடைக்கும் விடை நோயின் பாதியைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சிக்னலிலும் நெரிசலிலும் நிற்கும்போது சூடேறி, வண்டி ஓடத் தொடங்கியதும் முள் இறங்குகிறது என்றால், ரேடியேட்டரும் பம்பும் பெரும்பாலும் நலமாகவே உள்ளன, காற்றுதான் வரவில்லை. ஓடும் வண்டிக்குக் காற்று தானாக வந்து மோதுகிறது, நிற்கும் வண்டிக்கு ஃபேன்தான் அதைத் தரவேண்டும். ஆகவே ஃபேன் மோட்டார், அதன் ஃபியூஸ், ரிலே, சென்சார், கனெக்டர் ஆகியவற்றை வரிசையாகச் சோதிக்கவேண்டும். ஏசியைப் போட்டதும் ஃபேன் சுழன்று, ஏசி இல்லாதபோது எஞ்சின் எவ்வளவு சூடேறியும் சுழலவில்லை என்றால், மோட்டாரைக் குறைசொல்ல வழியில்லை. ஐயம் சென்சாரின் மீதும் அதன் வயர்களின் மீதும்தான் விழவேண்டும். புதிதாக மாற்றிய மோட்டாரில் வயர்கள் மாறிப்போய் ஃபேன் எதிர்த்திசையில் சுழல்வதும் நடக்கக்கூடியது. அப்போது அது ஓடிவரும் காற்றோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கும். ஃபேன் முன் ஒரு தாளைப் பிடித்துப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

இதற்கு மாறாக, நகரத்தில் நன்றாக ஓடிவிட்டு நெடுஞ்சாலை வேகத்திலோ மலையேற்றத்திலோ மட்டும் சூடேறும் வண்டியில் காற்றுக்குக் குறைவில்லை, நீரோட்டத்திலோ ரேடியேட்டரின் வெப்பம் இறக்கும் திறனிலோதான் குறை. இதில் தேடவேண்டிய இடங்கள் பல. ரேடியேட்டரின் உள்குழாய்கள் உப்பால் அடைபட்டிருக்கலாம். அகச்சிவப்பு வெப்பமானியால் ரேடியேட்டரின் முகத்தை மேலும் கீழும் அளந்தால் அடைபட்ட பகுதி குளிர்ந்து காட்டும், ஆயினும் பளபளக்கும் உலோகத்தில் அக்கருவி பொய் சொல்லும் என்பதால் கறுப்பு நிறப் பரப்புகளிலும் ரப்பர் ஹோஸிலும் அளப்பதே நம்பத்தக்கது. வெளியே பார்க்க ரேடியேட்டர் சுத்தமாக இருந்தும், அதற்கும் முன்னால் நிற்கும் ஏசி கண்டென்சருக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய சந்தில் பூச்சியும் பஞ்சும் மண்ணும் மெத்தைபோல் அடைந்திருப்பது மிகப் பலரும் தவறவிடும் இடம். இதை முன்னாலிருந்து வேகமாக நீர் பீய்ச்சிக் கழுவினால் அழுக்கு இன்னும் உள்ளேதான் போகும், இதழ்களும் மடங்கும். பம்பு உறிஞ்சும் பக்கத்திலுள்ள கீழ் ஹோஸ் தளர்ந்துபோனால், எஞ்சின் வேகமெடுக்கும்போது அது உறிஞ்சப்பட்டுச் சப்பையாகி நீரை நிறுத்தும், ஐடிலில் மீண்டும் உருண்டையாகிவிடும். எனவே ஒருவர் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மற்றொருவர் ஹோஸைப் பார்த்தாலன்றி இக்குறை அகப்படாது. வாட்டர் பம்பின் உள்சக்கரம் துருவால் தேய்ந்தோ, பிளாஸ்டிக்காக இருந்தால் உடைந்தோ போயிருக்கலாம். பம்பின் அடியிலுள்ள சிறு துளையில் நீர்க்கசிவின் கறை தெரிந்தால் அதன் சீல் விடைபெற்றுக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

தெர்மோஸ்டாட்டின் முறை இந்த வரிசையில்தான் வரவேண்டும், முதலில் அன்று. மேல் ஹோஸ் நெருப்பாகச் சுட, கீழ் ஹோஸும் ரேடியேட்டரும் குளிர்ந்தே கிடந்தால் வால்வு திறக்கவில்லை என்று ஐயுறலாம். ஐயத்தைத் தீர்ப்பதற்கு அடுப்பும் பாத்திரமும் வெப்பமானியும் போதும்: வால்வை நூலில் கட்டி, பாத்திரத்தின் அடியைத் தொடாமல் நீரில் தொங்கவிட்டுக் காய்ச்சினால், பொறித்த எண்ணுக்கு ஒட்டித் திறக்கிறதா என்பது கண்ணெதிரே தெரிந்துவிடும். திறக்காத வால்வுக்குப் பதில் அதே எண்ணுள்ள புதிய வால்வே வரவேண்டும். சிறிய காற்றுத்துளையோ ஆடும் ஊசியோ அதில் இருந்தால், அது மேற்புறம் வருமாறு பொருத்தினால்தான் காற்று அடைபடாமல் வெளியேறும்.

மூன்றாவது வகை விடை ஒன்றுண்டு: ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஹோஸ்கள் கல்லாக இறுகுகின்றன, நீர் குறைந்துகொண்டே போகிறது, ஆனால் எங்கும் ஒழுகவில்லை. இது ஹெட் கேஸ்கெட்டைச் சுட்டுகிறது. எரிந்த வாயு சிலிண்டரிலிருந்து நீர்ப்பாதைக்குள் கசிவதால் ரேடியேட்டர் வாயில் குமிழ்கள் ஓயாமல் எழும். நீர் சிலிண்டருக்குள் போனால் சைலன்சரில் வெண்புகை வரும். எண்ணெயோடு கலந்தால் டிப்ஸ்டிக்கில் பால்விட்ட காப்பியின் நிறம் தெரியும். ரேடியேட்டர் வாயின் ஆவியை ஒரு நீலநிறத் திரவத்தின் வழியே உறிஞ்சிச் சோதிக்கும் கருவி சந்தையில் கிடைக்கிறது. எரிந்த வாயு கலந்திருந்தால் நீலம் மஞ்சளாக மாறும். ஹெட்டைக் கழற்றும் கூலியையும் கேஸ்கெட் செலவையும் வாடிக்கையாளர் தலையில் சுமத்தும் முன் இச்சோதனையைச் செய்வது தொழில் நேர்மைக்கும் உகந்தது. கழற்றியபின் நேர்விளிம்புச் சட்டத்தை வைத்து ஃபீலர் கேஜால் ஹெட்டின் வளைவை அளக்காமல் புதுக் கேஸ்கெட்டை மட்டும் வைத்து மூடுவது, வண்டியை இரண்டாம் முறையும் வரவழைப்பதற்கே உதவும். அலுமினியம் வார்ப்பிரும்பைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு விரிவது ஆகையால், இரும்பு பிளாக்கின்மேல் அலுமினிய ஹெட் அமர்ந்த எஞ்சின் ஒருமுறை கடுமையாகக் கொதித்தாலே ஹெட் வளைந்திருக்க வாய்ப்பு மிகுதி.

நீரைப் பற்றி இம்மடல் சற்று விரிவாகவே பேச வேண்டியிருக்கிறது. பேட்டரிக்கு டிஸ்டில்ட் வாட்டரைத் தவிர வேறெதையும் ஊற்றாத அதே கைகள், ரேடியேட்டருக்குப் போர் தண்ணீரைப் பிடித்து ஊற்றுவது புரியாத புதிர். உப்பு நீரைக் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படியும் அதே சுண்ணாம்புதான் எஞ்சினிலும் படிகிறது. பெரும்பாலான உப்புகளைப் போலன்றிச் சுண்ணாம்பு சூடான நீரில் குறைவாகவே கரைவதால், அது தேடிச்சென்று படிவதும் எஞ்சினின் மிகச் சூடான இடங்களில்தான். அலுமினியத்தின் வெப்பக் கடத்துதிறனில் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கே கொண்ட இப்படிவம், உலோகத்துக்கும் நீருக்கும் இடையே கம்பளிபோல் போர்த்திக்கொள்ள, வெப்பமானி சரியான அளவைக் காட்டும்போதே ஹெட்டின் உட்சுவர் தீய்ந்துகொண்டிருக்கும். கடலோர நீரிலுள்ள குளோரைடு அலுமினியத்தை அரிப்பது இதற்கு மேல். ‘நம்ம ஊரில் பனி உறைவதில்லை, கூலன்ட் எதற்கு’ என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது: கூலன்ட்டில் உள்ள எத்திலீன் கிளைக்கால் உறைவதைத் தடுப்பது குளிர்நாட்டார் கவலை, வெயில்நாட்டாருக்கு வேண்டியது அதில் கலந்துள்ள அரிப்புத் தடுப்பான்களும், உயர்ந்த கொதிநிலையும். ஆனால் மிகுதியும் நஞ்சே. பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் வெறும் நீரைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவே வெப்பத்தைச் சுமக்கும். ஆகவே கலக்காத கான்சன்ட்ரேட்டை அப்படியே ஊற்றுவது எஞ்சினைக் குளிர்விக்காது, சூடேற்றும். பச்சை, சிவப்பு, நீலம் என்னும் நிறங்களுக்குப் பொதுவான இலக்கணம் இல்லாததால், நிறத்தை நம்பி ஒன்றோடொன்று கலப்பதும் தவறு.

ரேடியேட்டர் மூடியின் விலையைப் பார்த்து அதை அற்பமாக எண்ணுவோர் பலர். மூடியிலுள்ள வில்சுருள் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்தைத் தாங்கி நிற்பதால், வெறும் நீரும் 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கும், கூலன்ட் கலவை அதற்கும் மேல். ரப்பர் வளையம் வெடித்த மூடி இந்தக் காப்பை முழுதும் இழந்துவிடுகிறது. இதன் விளைவை உதகையில் காணலாம்: ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் நீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், ஆனால் பல கார்களில் ஃபேன் சுழலத் தொடங்குவதே 95 டிகிரிக்கு மேல்தான். மூடி கெட்டு, வெறும் நீர் நிரம்பிய வண்டி, மேட்டுப்பாளையத்திலிருந்து தாழ்ந்த கியரில் முழுச்சுமையோடு ஏறும்போது, ஃபேன் விழித்துக்கொள்ளும் முன்பே கொதித்து நிற்பதில் வியப்பில்லை. எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைப் பாதையிலும் உயரம் குறைவாயினும் நிலைமை இதை ஒத்ததே: எஞ்சின் உச்ச வெப்பத்தைத் தர, மோதும் காற்றோ மிகக் குறைவு.

அதே அழுத்தம்தான் சூடான மூடியைத் திறப்பவரின் முகத்தில் பாய்வதும். 115 டிகிரியில் அடைபட்டிருந்த ஒரு லிட்டர் நீர், மூடி திறந்த கணத்தில் 100 டிகிரிக்கு இறங்கும்போது ஏறத்தாழ 28 கிராம் நீர் ஆவியாகும். அது 45 லிட்டருக்கு மேற்பட்ட இடத்தை நாடிப் பாயும் ஆவி. துணியைப் போட்டுத் திறப்பது கையைக் காக்கலாம், கண்ணைக் காக்காது. மேல் ஹோஸைத் தொட்டு அமுக்கினால் மென்மையாக இருக்கும் அளவுக்கு ஆறியபின் திறப்பதே முறை. தொழில் பழகும் பையன்களிடம் அவசரத்தில் இவ்வேலையை ஏவுவது எந்தப் பட்டறைக்கும் அழகன்று.

டேஷ்போர்டு முள் காட்டுவதையும் அளவோடு நம்பவேண்டும். பல கார்களில் முள் ஒரு பரந்த வெப்ப எல்லைக்குள் நடுவிலேயே நிற்குமாறு அமைக்கப்பட்டிருக்கிறது. சில கார்களில் முள்ளே இல்லை, நீலமும் சிவப்புமாக விளக்குகள் மட்டுமே. நீர் முழுதும் ஒழுகிப்போன எஞ்சினில் சென்சார் நீரில் முழுகாமல் காற்றில் தொங்குவதால், எஞ்சின் சீஸ் ஆகும் தறுவாயிலும் அது குறைந்த அளவைக் காட்டக்கூடும். ‘மீட்டர் நார்மலாத்தான் இருந்தது’ என்று சொல்லும் ஓட்டுநரைப் பொய்யர் என்று கடிந்துகொள்வதற்கு முன் இதை நினைவில் கொள்ளவேண்டும்.

இனி, ஏற்கெனவே வால்வு கழற்றப்பட்ட வண்டிகளின் பாடு. அவற்றில் மீண்டும் தெர்மோஸ்டாட்டைப் பொருத்த முன்வரும் மெக்கானிக் ஒரு சங்கடத்துக்கு ஆயத்தமாக இருக்கவேண்டும். எந்தக் குறையை மறைக்க முன்பு வால்வு கழற்றப்பட்டதோ அந்தக் குறை, பாதி அடைபட்ட ரேடியேட்டராகவோ வலுவிழந்த ஃபேனாகவோ, இன்னும் அங்கேயே இருக்கக்கூடும்; பைபாஸ் இடையூறு இல்லாத எஞ்சினில் குளிர்ந்த ஓட்டம் அதை இவ்வளவு நாளும் மூடிவைத்திருக்கும். புதிய வால்வு அமர்ந்ததும் வண்டி கொதித்தால், நன்றாக ஓடிய வண்டியைக் கெடுத்துவிட்டதாகவே வண்டிக்காரர் எண்ணுவார். ஆகவே முதலில் பழைய நீரை இறக்கி, எஞ்சினையும் ரேடியேட்டரையும் நல்ல நீரால் தெளிய அலசி, மூடியையும் ஃபேனையும் சோதித்து, அதன்பின் வால்வைப் பொருத்தி, வண்டியின் முன்பக்கம் உயர்ந்திருக்குமாறு நிறுத்தி, ஹீட்டரைத் திறந்துவைத்துக் காற்று முழுதும் வெளியேறும் வரை கூலன்ட் நிரப்புவதே வரிசை. இந்த வரிசையை வேலை தொடங்கும் முன்பே வண்டிக்காரரிடம் விளக்கி, ஊற்றிய கூலன்ட்டின் வகை, வால்வில் பொறித்த எண், தேதி ஆகிய மூன்றையும் பில்லில் எழுதிக் கொடுத்துவிட்டால், அடுத்து அவ்வண்டியின் பானெட்டைத் திறப்பவர் வேறு ஊரின் வேறு மெக்கானிக்காக இருந்தாலும், மீண்டும் தெர்மோஸ்டாட்டிலிருந்து தேடலைத் தொடங்கவேண்டியிராது.